ஏரியைத் திறக்கும் நாளைத் தண்ணீரிடம் கேளுங்கள்

கேள்வி: பாரிஸ் புறநகரில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நாங்கள், சென்ற இலையுதிர் காலத்தில் பிரான்சின் லிமோசான் பகுதியில் 2 ஹெக்டேர் ஏரியையும் கரையிலுள்ள கல் வீட்டையும் வாங்கினோம். முந்தைய உரிமையாளர் கெண்டை பிடிக்க வரும் ஆங்கிலேயர்களுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விட்டுவந்தார். மார்ச் கடைசி வாரத்திலிருந்து முன்பதிவு இருக்கிறது. மீன் குறைந்துவிட்டது என்று பழைய விருந்தினர்கள் சொல்கிறார்கள். பெரிய கெண்டைகளாக வாங்கி விட்டுவிடலாமா? சீசனுக்கு முன் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: வசந்த காலத்தில் மீன் வாங்கி விடாதீர்கள். குளிர்காலம் முழுக்க அரைப்பட்டினி கிடந்த கெண்டைக்கு நோய் எதிர்ப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் பருவம் இதுதான். வசந்தகால வைரேமியா என்னும் வைரஸ் நோய், தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே இருக்கும் இந்த வாரங்களில்தான் தலைதூக்கும். கெண்டையைத் தாக்கும் இன்னொன்றான கோய் ஹெர்பெஸ் வைரஸ், தண்ணீர் 16 முதல் 28 டிகிரி ஆகும்வரை காத்திருந்து கோடையில் தாக்கும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. வைரஸைச் சுமக்கும் மீன் பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். ஆகவே அவசரமாக வாங்கும் சில மீன்கள், ஏரியில் இருபது ஆண்டுகளாக வளர்ந்த மீன்களைச் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். பிரான்சில் குளத்து மீன் வளர்க்கும் பிரென், தோம்ப் பகுதிகளில் குளங்களை வடித்து மீன் அள்ளுவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். தேவைப்பட்டால் வரும் நவம்பரில், அங்கீகாரம் பெற்ற பண்ணையிலிருந்து நோய்ச் சான்றிதழோடு வாங்குங்கள்.

மீன் உண்மையிலேயே குறைவா என்பதும் தெரியாது. குளிர்ந்த நீரில் கெண்டை தூண்டிலை எளிதில் தொடாது. அதைத்தான் விருந்தினர் ‘மீன் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். 8 டிகிரிக்குக் கீழே மீன் ஏறக்குறைய உறங்குகிறது. 10 தாண்டி அங்கேயே நின்றால் மேயத் தொடங்குகிறது. 12 வந்துவிட்டால் விருந்தினருக்கு நம்பிக்கையோடு பதில் சொல்லலாம். லிமோசான் மேட்டுநிலம், அங்கே மார்ச் கடைசி வாரம் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குப் பதிவு செய்தவர்களிடம் இதை மறைக்காமல் எழுதி, வாடகையைக் குறைத்துக் கொடுப்பது கௌரவமான வழி என்பேன்.

அந்த வட்டாரத்தின் பாறை கிரானைட். அதன்மேல் தேங்கும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் நீரின் அமில-கார அளவான பிஹெச் காலைக்கும் மாலைக்கும் இடையே துள்ளும். விடியற்காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பிஹெச் அளந்து குறித்து வையுங்கள். 6.5-க்கும் 9-க்கும் வெளியே போனால் கவனிக்க வேண்டும். அரைத்த சுண்ணாம்புக் கல்லைத் தூவுவது பாதுகாப்பானது. அடியில் மக்காத வண்டலும் மெல்லக் கரையும். சுட்ட சுண்ணாம்பை மீன் இருக்கும் ஏரியில் கொட்டிவிடாதீர்கள், கொன்றுவிடும்.

இனி கரை. தண்ணீரை வெளியேற்றும் ‘முவான்’ என்ற மதகுக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஏரிகளில் இரண்டு வரிசைப் பலகைகளும் அவற்றுக்கு நடுவே அடைத்த களிமண்ணும் இருக்கும். பலகை இடுக்கில் நூலாகத் தண்ணீர் வழிந்தால் களிமண்ணை மாற்ற நேரம் வந்துவிட்டது. பின்பு கரையின் வெளிச்சரிவில் இறங்கி நடங்கள். சுற்றிலும் புல் பழுத்திருக்க, ஒரு திட்டில் மட்டும் கோரை பச்சைப்பசேலென்று நின்றால் அங்கே கசிவு இருக்கிறது. ரகோந்தான் என்ற பெருங்கொறிணி நீர்மட்டத்தை ஒட்டி வளை தோண்டும். கரையில் வளர்ந்த மரங்களின் வேர் காய்ந்தாலும் அதே கதைதான். ஏரியை வடிப்பதென்றால் மாவட்ட அலுவலகத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். கிளைகளை வெட்டும் வேலையை மார்ச் நடுவுக்குள், பறவைகள் கூடு கட்டும் முன் முடித்துவிடுங்கள். தூண்டில் மேடைகளுக்கு மேலே தொங்கும் காய்ந்த கிளைகள் முதலில் போகட்டும்.

பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் விருந்தினர் இரவும் பகலும் தூண்டில் போடப்போகிறார்கள். பிரான்சின் பொது நீர்நிலைகளில் இரவில் கெண்டை பிடிப்பது அதற்கென ஒதுக்கிய பகுதிகளில் மட்டுமே செல்லும். மீன்பிடி அட்டையும் வேண்டும். ஆற்றோடு மீன் போக்குவரத்து இல்லாத மூடிய நீர் என்றோ, மீன்வளர்ப்புப் பண்ணை என்றோ சட்டப்படி அந்தஸ்து இருந்தால்தான் இந்த விதிகளிலிருந்து விலக்கு. ‘முன்பிருந்தவர் அப்படித்தான் நடத்தினார்’ என்பது பதில் ஆகாது. நோட்டரியிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. விடுமுறை வாடகை வீடு என்ற பதிவு, புகைக் கூண்டு துடைத்த சான்று, புகை எச்சரிக்கைக் கருவி, தரைக்குள் கட்டிய நீச்சல் குளம் இருந்தால் வேலியோ மூடியோ. குளிர்காலத்தில் சும்மா கிடந்த வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்குச் சூடேற்றி எல்லாக் குழாய்களிலும் ஓட விடுங்கள். கழிவுத் தொட்டியையும் பார்த்துவிடுங்கள். சோபா பழையதென்று கவலைப்படாதீர்கள். கெண்டைக்காரர்கள் அதில் உட்காரப்போவதில்லை.

அவர்கள் பார்ப்பது மீனைத் தூக்கும் வலையையும், பிடித்த மீனைத் திரும்ப ஏரியில் விடும் முன் கிடத்தும் மெத்தையையும்தான். இவற்றை நீங்களே கொடுங்கள். வெளியிலிருந்து ஈரவலை கொண்டுவரக் கூடாது என்று விதி வையுங்கள். நோய் ஏரி விட்டு ஏரி தாவுவதற்கு ஈரமான வலையே போதும். ஒவ்வொரு வாரமும் ஆட்கள் மாறும்போது கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் முறுகக் காயவைத்த பிறகே அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். வலைக் கண்ணியில் முடிச்சுத் தடித்திருந்தால் செதில் உரியும், மாற்றிவிடுங்கள். மெத்தை ஓரம் உயர்ந்த தொட்டில் வடிவில் இருப்பது நல்லது. இருபது கிலோ மீன் துள்ளினால் தட்டையான மெத்தையில் நிற்காது.

இரையில் நான் கண்டிப்பானவன். டைகர் நட் என்ற கோரைக் கிழங்கும் கொட்டை வகைகளும் 24 மணி நேரம் ஊறி, அரை மணி நேரமாவது கொதித்திருக்க வேண்டும். வேகாததைத் தின்ற மீனுக்கு அது வயிற்றிலேயே உப்பும். அவித்த இரையை நீங்களே வாளியில் விற்றால் பிரச்சினையும் தீரும், கொஞ்சம் வருமானமும் வரும். ஏப்ரலில் ஆளுக்கு ஒரு நாளில் போடக்கூடிய அளவையும் கட்டுப்படுத்துங்கள். தின்னாத இரை அடியில் அழுகிக் கோடையில் ஆக்சிஜனைத் தின்னும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 25 டிகிரியில் 8-ஐச் சொச்சம்தான் தாங்கும். காற்றூட்டி ஒன்றை இப்போதே வாங்கி, ஓட்டிப் பார்த்து வையுங்கள். ஜூலையில் வெளுக்கும் முன் மீன் வாயைத் திறந்து மேலே மிதக்கும்போது கடை தேட நேரம் இருக்காது.

கடைசியாக, முன்பதிவு நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள். தண்ணீர் 17 முதல் 20 டிகிரி ஆகும்போது, பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ, கெண்டை ஓரப் புல்லில் மோதி முட்டையிடும். அந்த நாட்களில் தூண்டில் நிறுத்தப்படும், எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, இழந்த நாட்களுக்கு அடுத்த ஆண்டு சலுகை உண்டு. இப்படி எழுதி, மே, ஜூன் மாதங்களுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கு இந்த வாரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.