ஐதரசீன் சல்பேற்றும் ராக்கெட் எரிபொருள் ஐதரசீனும் ஒன்றா?

ஆய்வுகூடத்துப் போத்தலில் ஐதரசீன் சல்பேற்று என்று எழுதியிருக்கிறது, நண்பர் அதை ராக்கெட் எரிபொருள் என்கிறார், தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் குடிநீர் மாதிரிகள் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அந்தப் போத்தல் எங்கள் அலுமாரியிலும் இருக்கிறது.

நண்பர் சொல்வது பாதி சரி. தனி ஐதரசீன் இரண்டு நைதரசனும் நான்கு ஐதரசனும் சேர்ந்த நிறமற்ற திரவம். 114 பாகையில் கொதிக்கும், காற்றில் புகையும், அமோனியா போல மணக்கும். விண்கலங்களில் எரிவது அது. அதனுடன் சல்பூரிக்கமிலம் சேர்ந்து கிடைக்கும் வெள்ளைப் பளிங்குதான் உங்கள் போத்தலில் உள்ளது. மணம் கிடையாது, 254 பாகையளவில்தான் உருகும். ஜேர்மன் இரசாயனவியலாளர் கேர்ட்டியஸ் 1887இல் ஐதரசீனை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இந்த உப்பாகத்தான். குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கரையாது, 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம். சுடுநீரில் நன்றாகக் கரையும், எதனோலில் கரையாது. கரைசல் கடும் அமிலத்தன்மை உடையது.

எந்த உப்பு என்று உறுதியாக அறிய லேபிளில் மூலர்த் திணிவையும் (ஒரு மூல் எத்தனை கிராம் என்பது) பாருங்கள். சல்பேற்று என்றால் 130.12. ஐதரசீனுக்கு இரண்டு குளோரைட்டு உப்புகளும் உண்டு: ஒன்று 68.5, மற்றது 105 அளவில். ‘ஐதரசீன் உப்பு’ என்று மட்டும் ஓடர் கொடுத்தால் எது வந்து சேருமோ!

எங்களுக்கு இது தேவைப்படுவது, நீரின் கலங்கலை அளக்கும் கலங்கல்மானியைச் சரிபார்க்க உதவும் ஃபோர்மசின் என்ற நியமக் கரைசலைச் செய்ய. உப்பில் 1 கிராமை 100 மில்லிலீற்றராகவும், ஹெக்சமீனில் 10 கிராமை 100 மில்லிலீற்றராகவும் கரைத்து, சம அளவு கலந்து 25 பாகையில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஹெக்சமீன் மெல்ல மெல்ல ஃபோர்மல்டிகைட்டை விட, அது ஐதரசீனுடன் சேர்ந்து வெண்கலங்கலாகும்: 4000 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு). வெப்பநிலை 3 பாகை கூடிக் குறையலாம் என்பார்கள். கொழும்பு வெயிலில் ஏசி இல்லாத அறை அதையும் தாண்டிவிடும், ஆகவே இன்கியுபேற்றரில் வையுங்கள். மழைக்குப் பிறகு களனி கங்கைத் தண்ணீரை அளக்கும்போது மானி காட்டும் எண்ணை நம்பலாமா என்பது இந்தக் கரைசலில்தான் இருக்கிறது.

இனி ஆபத்து. அமிலம் ஐதரசீனைக் கட்டிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான்; காரம் சேர்த்தால் அவிழ்ந்து வெளியே வரும். உடலுக்குள் போனாலும் ஐதரசீனின் வேலையைத்தான் செய்யும்: ஈரலையும் நரம்பையும் தாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஐதரசீனை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. இந்தச் சல்பேற்றையே புற்றுநோய்க்கு மருந்தென்று இன்றும் இணையத்தில் விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் நடந்த பரிசோதனைகளின் முடிவுகள் 1994இல் வெளிவந்தன. பலன் எதுவும் தெரியவில்லை. சொந்தக்காரர் யாராவது விசாரித்தால் கட்டாயம் தடுங்கள்.

ஆகவே தொடலாம், வெறுங்கையால் அல்ல. நைட்ரைல் கையுறை, கண்ணாடி போட்டு, புகைக்கூண்டுக்குள் தூள் பறக்காமல் நிறுங்கள். சிந்தினால் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். பிளீச் போன்ற ஒட்சியேற்றிகள் இருக்கும் தட்டில் வைக்க வேண்டாம். மிச்சக் கரைசலைச் சிங்கில் ஊற்றாமல் தனிக் கழிவுப் போத்தலில் சேருங்கள், அதற்குள் பிளீச் போகக்கூடாது. மீன்களுக்கும் இது கடும் நஞ்சு. ஃபோர்மசினைக் கடையில் தயாராகவும் வாங்கலாம். விலை கூடத்தான், ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் மானியைச் சரிபார்ப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.