பிளக்கும் கோடரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விறகு அடுப்பு உள்ள வீட்டுக்குக் குடிவந்து இது முதல் வருடம். அறுத்த மரத்துண்டுகளை மொத்தமாக வாங்கி இறக்கிவிட்டோம். பிளக்கும் வேலை என் பொறுப்பு. கையில் இருப்பது அப்பாவின் பழைய கோடரி. சாணை பிடித்து நன்றாகக் கூராக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஓங்கிப் போட்டால் கட்டைக்குள் இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கவே பாதி நேரம் போகிறது. தலையும் காம்பில் ஆடுகிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தால் இறுகும் என்றார்கள். இறுகியது. ஒரே வாரத்தில் முன்னைவிட அதிகமாக ஆடத் தொடங்கிவிட்டது.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று போனால், கடையில் என்னைப் பார்த்ததும் கைக்கோடரியை எடுத்து நீட்டுகிறார்கள். நான் ஐந்தடி உயரம், ஒல்லியான உடம்பு. “உங்களுக்கு இது போதும், காம்பு சின்னது, பயமில்லை” என்கிறார்கள். அண்ணனோ, இருப்பதிலேயே கனமானதை வாங்கு, கனம்தான் பிளக்கும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? அப்பாவின் கோடரியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி,

இரண்டு பேர் சொன்னதையும் கேட்க வேண்டாம். அண்ணன் சொன்னது பாதி தவறு. கடையில் சொன்னது முழுத் தவறு, ஆபத்தும்கூட. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சின்னக் காம்பைப் பார்த்தால் பயமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் கோடரியை ஓங்கி இறக்கும்போது அதன் தலை எந்த வழியாகப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தோளை மையமாக வைத்து ஒரு வளைவில் இறங்குகிறது. அடி கட்டையில் விழுந்தால் வளைவு அங்கே முடிந்துவிடும். குறி தவறினால்? காம்பு நீளமாக இருந்தால் தலை உங்கள் பாதங்களுக்கு முன்னால் தரையில் குத்தி நிற்கும். குட்டையாக இருந்தால் தரையைத் தொடாமலே உங்களை நோக்கித் திரும்பும். அது திரும்பி வரும் வழியில் இருப்பவை உங்கள் முழங்காலும் பாதமும்.

எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கைக்கோடரியை வைத்துக்கொண்டு நின்றபடியே கட்டை பிளந்துகொண்டிருந்தேன். கட்டையின் விளிம்பில் பட்டுச் சறுக்கிய கோடரி, என் இடது காலணியின் முன்பக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே இரும்புக் கவசம் வைத்த காலணி என்பதால் விரல்கள் தப்பின. அன்று இரவு தூங்க முடியவில்லை. அந்தக் காலணியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் குறைந்தவர்களுக்குக் குட்டைக் காம்பு என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கைக்கோடரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு. ஏற்கெனவே பிளந்த விறகை அடுப்புப் பற்றவைக்கும் சிறாய்களாகச் சீவுவதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அதற்கும் நிற்கக் கூடாது. தரையில் மண்டியிட்டு, கோடரியின் வாயை விறகின் நுனியில் பதித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்ட வேண்டும்.

சரி, அப்பாவின் கோடரி ஏன் சிக்கிக்கொள்கிறது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மரம் வெட்டும் கோடரி. பிளக்கும் கோடரி வேறு. பலருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. மரத்தை நீளவாக்கில் ஓடும் குழல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டும்போது அந்தக் குழல்களை ஒவ்வொன்றாக அறுத்தாக வேண்டும். அதற்கு மெல்லிய, கூரிய வாய் தேவை. பிளக்கும்போது எதையும் அறுக்க வேண்டியதில்லை. குழலுக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பை விலக்கினால் போதும். அந்தப் பிடிப்பு, இழையின் நீளவாக்கில் மரத்துக்கு இருக்கும் பலத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. ஆக, பிளக்கும் கோடரி அடிப்படையில் காம்பு மாட்டிய ஓர் ஆப்பு. வாய் மரத்தில் நுழைய இடம் பிடிக்கிறது. அதன் பின்னால் வரும் பருத்த கன்னங்கள் இருபுறமும் தள்ளுகின்றன.

மெல்லிய கோடரிக்கு அந்தக் கன்னங்கள் இல்லை. அது உள்ளே போகிறது, யாரையும் தள்ளுவதில்லை. இரண்டு பக்கமும் மரம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பசுமரத்தாணி என்று சொல்கிறோமே, அந்தப் பிடிதான் இது. நீங்கள் சாணை பிடித்ததில் அது இன்னும் ஆழமாக இறங்கி இன்னும் இறுக்கமாகச் சிக்கியிருக்கும்.

கடையில் கோடரியை எடுத்து, காம்பு உங்களைப் பார்க்க, தலையை மேலிருந்து பாருங்கள். வாயிலிருந்து பின்பக்கம் போகப் போகத் தலை சட்டென்று அகல வேண்டும். ஆனால் வாயிலேயே மொண்ணையாக, முழுக்க முழுக்க ஒரு கொழுத்த முக்கோணமாக இருப்பதையும் எடுக்காதீர்கள். காய்ந்த, கெட்டியான மரத்தில் அது குதித்துத் திரும்பும். நுனி ஓரளவு மெலிந்து, அப்புறம் விரியும் வடிவம்தான் எனக்குத் தெரிந்து சிறந்தது.

இனி எடை. அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கும் பாதி இதுதான்: ஒரே வேகத்தில் இறங்கினால் கனமான தலைக்குத்தான் வலு அதிகம். எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்கு. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று, மூன்றரை கிலோ தலை உள்ள சம்மட்டி போன்ற கோடரிகள் இருக்கின்றன. முடிச்சு விழுந்த பெரிய கட்டைகளுக்கு அவை தேவைப்படலாம். ஆனால் அதை நீங்கள் இருபது முறை தூக்கிய பிறகு இருபத்தொன்றாவது அடியில் வேகமும் இருக்காது, குறியும் இருக்காது. குறி போவதுதான் பெரிய இழப்பு. ஒரே கோட்டில் விழும் இரண்டு நடுத்தர அடிகள் செய்வதை, இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி விழும் ஐந்து பலத்த அடிகளாலும் செய்ய முடியாது.

உங்கள் உடம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை தலை, 75 சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ காம்பு. இதுதான் என் பரிந்துரை. ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பது தலையின் எடையா, காம்போடு சேர்ந்த எடையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோ வரைகூட வித்தியாசம் வரும். கடையிலேயே, பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, தலைக்கு மேல் மெதுவாகப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். பத்தாவது முறை கை நடுங்கினால் அது உங்களுக்கானது அல்ல.

காம்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். கோடரி வாங்குபவர்கள் எஃகைச் சுண்டிப் பார்க்கிறார்கள், வாயை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். காம்பை யாரும் பார்ப்பதில்லை. குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று திட்டித் திட்டியே நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்னவோ. என் அனுபவத்தில் வாய் மழுங்கியதால் வீணான கோடரிகள் குறைவு. காம்பு போனதால் மூலையில் கிடப்பவைதான் அதிகம்.

மரக்காம்பு என்றால் முதலில் அதன் அடிப்பக்க வெட்டு முகத்தைப் பாருங்கள். அங்கே மரத்தின் வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் கோடரியின் வாய் போகும் திசையிலேயே போக வேண்டும். குறுக்கே போனால் வேறொன்றை எடுங்கள். அப்புறம் காம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இழை மேலிருந்து கீழ்வரை காம்போடு சேர்ந்தே ஓட வேண்டும். நடுவில் ஓர் இழை சரிந்து ஓரத்துக்கு வந்து முடிகிறது என்றால் காம்பு ஒருநாள் அந்த இடத்தில்தான் ஒடியும். கணு எங்கேயும் கூடாது. வண்ணம் அடித்த காம்பை வாங்கவே வாங்காதீர்கள், வண்ணத்துக்கு அடியில் இவற்றில் எதையும் பார்க்க முடியாது. ஹிக்கரி, ஆஷ் இரண்டுமே இதற்குப் பெயர்பெற்ற மரங்கள். அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுக்கும். ஹிக்கரியில் வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தால் தயங்க வேண்டாம். நிறத்துக்கும் பலத்துக்கும் தொடர்பில்லை.

கடைசியாகக் காம்பின் அடியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். வாயின் கோடும் காம்பின் நடுவும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

எனக்கு மரக்காம்புதான் பிடிக்கும். கையில் சூடேறாது, ஒடிந்தால் மாற்றலாம். ஆனாலும் முதல் வருடத்துக்கு உங்களுக்குச் சொல்வேன், கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் காம்பு உள்ளதையே வாங்குங்கள். புதிதாகப் பிளப்பவர்கள் எல்லோருமே தூரத்தைத் தவறாகக் கணிப்பார்கள். தலை கட்டையைத் தாண்டிப் போய், கழுத்துப் பகுதி கட்டையின் விளிம்பில் மோதும். மரக்காம்பு அந்த மாதிரி நாலைந்து அடிகளில் சிதையத் தொடங்கும். 1649இல் இரும்பு ஆலையாகத் தொடங்கிய பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம், இத்தகைய காம்பைத் தலையைச் சுற்றியே வார்த்துவிடுகிறது. தலை கழன்று பறக்கும் பயம் இல்லை. உடைந்தால் காம்பை மட்டும் மாற்ற முடியாது என்பது அதன் குறை. கை பழகிய பிறகு மரக்காம்புக்கு வாருங்கள்.

கூர்மைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பிளக்கும் கோடரியால் தாளை அறுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. கட்டையில் சறுக்காமல் பதிந்தால் போதும். வாயில் சிறு பள்ளம் விழுந்தால் அரத்தால் ராவி, கல்லில் தேயுங்கள். மின்சாரச் சாணையில் கொடுத்தால் கவனம் வேண்டும். எஃகில் நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது, பதம் போய்விட்டது என்று பொருள். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் அந்த வாய் நிற்காது.

கட்டையை முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் ஒரு அடிக்கட்டையின் மேல், உங்களுக்கு அப்பால் தள்ளி வையுங்கள். காய்ந்த கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் இருக்கும். மரமே காட்டும் வழி அது, அதன்மேல் அடியுங்கள். பெரிய கட்டையை நடுவில் பிளக்கப் பார்க்காதீர்கள். ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக எடுத்துக்கொண்டே வந்தால் அது தானாகச் சிறுத்துவிடும். அடி இறங்கும்போது முழங்காலை மடக்கி உடம்பையும் இறக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு உறுதியான காலணி, இவை இல்லாமல் கோடரியைத் தொடாதீர்கள். குழந்தைகள் முற்றத்தில் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

இன்னொன்று. சிக்கிய கோடரியின் மொட்டைப் பக்கத்தைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். காம்பு நுழையும் துளை நசுங்கிப் போகும். கெட்டிப்படுத்திய எஃகும் எஃகும் மோதினால் சில்லு தெறித்துக் கண்ணில் ஏறும். அதற்கென்றே இரும்பு ஆப்பும் சம்மட்டியும் தனியாக விற்கிறார்கள்.

அப்பாவின் கோடரிக்கு வருகிறேன். தண்ணீரில் ஊறியபோது காம்பு உப்பியது. ஆனால் சுற்றிலும் இரும்பு. உப்ப இடமில்லாமல் மரத்தின் இழைகள் தங்களையே நசுக்கிக்கொண்டன. காய்ந்ததும் அந்த நசுங்கிய மரம் பழைய அளவைவிடக் குறுகிப்போனது. ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் இது கூடும், ஒருநாள் தலை கழன்று பறக்கும். அதனால் இப்போதைக்கு அதை ஓங்கவே ஓங்காதீர்கள்.

தூக்கிப் போடவும் வேண்டாம். பழைய காம்பை அறுத்துத் தட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த புதுக் காம்பை வாங்குங்கள். மேல் நுனியில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, துளைக்குள் கீழிருந்து செருகுங்கள். பிறகு தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடியில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். கனமான தலை அசையாமல் நிற்க, ஒவ்வொரு தட்டுக்கும் காம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். இனி ஏறாது என்னும்போது பிளவில் மர ஆப்பை அடித்து இறக்குங்கள். கிளை கழிக்கவும், சாய்ந்த மரத்தை வெட்டவும் அந்த மெல்லிய வாய் இன்னொரு தலைமுறைக்கு வரும். அது செய்யப்பட்டதே அதற்காகத்தான்.

காம்புக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி ஊறவிடுங்கள். பூசிய துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தீப்பிடிக்கும். வெளியே, விறகுக்குத் தள்ளி, விரித்துக் காயப்போடுங்கள்.

அன்புடன்.