ஜூலை மழையில் மும்பைப் பயணம்: கடல் ஏற்றத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: கணவரின் அலுவலக வேலையையொட்டி ஜூலையில் நான்கு நாள் மும்பை செல்கிறோம். 65 வயதான மாமியாரும் உடன் வருகிறார். மழையில் அறைக்குள்ளேயே முடங்க வேண்டியிருக்குமா? பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லதா? (கோவை வாசகி)

பதில்: தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் மும்பையில் மழை மிகுந்த மாதம் ஜூலைதான். சாந்தாகுரூஸ் வானிலை நிலையக் கணக்கின்படி அந்த ஒரு மாதத்தின் சராசரி மழை 900 மில்லிமீட்டரை ஒட்டியது. கோவையில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட இது அதிகம்.

ஆயினும் அங்கே தெருவில் தண்ணீர் தேங்குவதை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏழு தீவுகளுக்கு இடையிலிருந்த கடற்பகுதிகளைத் தூர்த்து உருவான நகரம் என்பதால் பல இடங்கள் மிகவும் தாழ்வானவை. மழைநீர் வடிகால்களோ கடலில் போய் முடிகின்றன. கடல் ஏற்றம், அதாவது அன்றாடம் கடல்நீர் உயர்ந்து வற்றுவதில் அதன் உயர்ந்த நிலை, 4.5 மீட்டரை நெருங்கும்போது பல வடிகால்களின் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் வடிய வழியின்றித் தெருவிலேயே நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டித் தீர்த்தபோது, பிற்பகல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது வெள்ளத்தின் கொடுமையைக் கூட்டியது. சாதாரணக் கனமழை, கடல் வற்றியிருக்கும் வேளையில் பெய்தால், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

பெரிய ஏற்றம் வரும் நாட்களையும் நேரத்தையும் மும்பை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. உங்கள் வீட்டு நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும்: அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும்தான் ஏற்றம் பெரிதாக இருக்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியன்று அது ஏறக்குறைய நண்பகலில் உச்சத்தை எட்டும்; அடுத்தடுத்த நாட்களில் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். அத்தகைய நாட்களில் காலையிலேயே வெளிவேலைகளை முடித்துக்கொண்டு, ஏற்றம் தணியும் வரை ஓர் அருங்காட்சியகத்துக்குள் இருந்துவிடுங்கள்.

தங்குவதற்குத் தென்மும்பையின் ஃபோர்ட், சர்ச்கேட் பகுதிகளையே பரிந்துரைக்கிறேன். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் சயான், குர்லா, தாதர் அருகிலுள்ள ஹிந்த்மாதா, அந்தேரி சுரங்கப்பாதை ஆகியவை வழக்கமாகத் தண்ணீர் தேங்கும் இடங்கள். புறநகரில் அறை எடுத்தால், லோக்கல் ரயில் நின்றுபோகும் நாளில் திரும்பும் வழி அடைபட்டுவிடும். தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் மாட்டுங்காவில் நல்ல காபிக்கும் இட்லிக்கும் குறைவில்லை. எனினும் பக்கத்திலேயே இருக்கும் கிங்ஸ் சர்க்கிளும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதால், மழை ஓய்ந்த வேளையில் போய்வாருங்கள்.

தென்மும்பையில் மாமியாருடன் நடக்க மிக ஏற்ற இடம் தாதாபாய் நௌரோஜி சாலை. அங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றின் கீழ்த்தளம் தூண்கள் தாங்கும் நடைவழியாக விடப்பட்டிருப்பதால், பெருமழையிலும் அதிகம் நனையாமல் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையம் வரை செல்லலாம். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தின் கல் சிற்பங்களை அவசரமின்றி நின்று பார்க்க வேண்டும். காலா கோடாவில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகமும் ஜஹாங்கீர் கலைக்கூடமும் அருகருகே உள்ளன.

கனமழை எச்சரிக்கை எதுவும் இல்லாத ஒரு நாளைக் கண்டிப்பாகக் கன்ஹேரிக் குகைகளுக்கு ஒதுக்குங்கள். போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்தப் பௌத்தக் குகைகளுக்குச் செல்ல ஜூலையைவிடச் சிறந்த மாதம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாறையில் வெட்டிய சிறு கால்வாய்கள் மழைநீரைக் குகை வாசலில் உள்ள தொட்டிகளுக்குக் கொண்டு சேர்ப்பதை, துறவிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் திட்டமிட்டபடியே, கண் முன்னால் காணலாம். கோடையில் வெறும் பள்ளங்களாகத் தெரிபவை அப்போதுதான் உயிர்பெறுகின்றன. பாறை வழுக்கும், மாமியார் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள 3ஆம் குகையோடு நிறுத்திக்கொள்ளட்டும். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. எலிஃபண்டா தீவுக் குகைகளை இம்முறை விட்டுவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

மரைன் டிரைவ் காற்றில் குடை நிற்காது. மழைக்கோட்டும், பின்வார் வைத்த ரப்பர் செருப்பும் எடுத்துச் செல்லுங்கள். சூடாகப் பொரித்த வெங்காய பஜ்ஜியும் சுட்ட சோளமும் தாராளமாகச் சாப்பிடலாம். பானிபூரி, நறுக்கி வைத்த பழம், ஐஸ் கோலா வேண்டாம். மேற்குக் கடற்கரையில் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மீன் உணவுக்கு இது ஏற்ற மாதமன்று.

தேங்கிய நீரில் மட்டும் இறங்காதீர்கள். அடியில் திறந்த பாதாளச் சாக்கடை இருக்கக்கூடும். எலிக்காய்ச்சலும் அந்த நீரால்தான் பரவுகிறது. தவிர்க்க முடியாமல் அதில் நடக்க நேர்ந்துவிட்டால், கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சல் வரும் வரை காத்திராமல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து தேவையா எனக் கேளுங்கள்.

கோவைக்கு ரயிலில் திரும்புவதாக இருந்தால், கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையிலான மலைப்பாதையில் மண்சரிவால் தாமதம் நேரலாம். விமானங்களும் கனமழையில் திருப்பிவிடப்படுவதுண்டு. எனவே ஊர் திரும்பிய மறுநாள் தள்ளிப்போட முடியாத வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாமியாரின் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.