அடை முட்டைக்குள்ள குஞ்சுக்கு எலும்பு எப்படி வளருது? கேள்வி பதில்

நாட்டுக்கோழி வளக்குற நம்ம வேலூர் பக்கத்து ஆளுங்க கேட்டதுக்கெல்லாம் இங்க பதில் போடுறேன்.

குடியாத்தம் தம்பி: அண்ணா, கருவுக்கு சுண்ணாம்புச்சத்து மஞ்சக்கருவுலருந்துதானே வருது?
ஆரம்பத்துல ஆமா தம்பி, ஆனா மஞ்சக்கருவுல இருக்கிறது 25-30 மில்லிகிராம்தான், பொரிச்சு வர்ற குஞ்சு உடம்புல 120 மில்லிகிராம் கிட்ட இருக்கும், அந்த மிச்சமெல்லாம் ஓட்டுலருந்து வருது. 10, 12 நாளுக்கு மேல ஓட்டுக்கு உள்பக்கமா ரத்தநாளம் பின்னின ஒரு சவ்வு ஒட்டிக்கிட்டு ஓட்டக் கரைச்சு கரைச்சு உறிஞ்சும். நீங்க முட்டைய திருப்பி விடலன்னா இந்த சவ்வே சரியா வளராது, அடைக்கோழி சும்மாவா உருட்டிட்டே இருக்கு? இரும்பு, துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் பெரும்பாலும் மஞ்சக்கரு சரக்குதான்.

ஆரணி அக்கா: அப்போ முட்டை மேல சுண்ணாம்பு தடவி அடை வச்சா?
ஐயோ வேணாங்க்கா! ஓட்டுல இருக்கிற துளை அடைச்சிக்கும், கரு மூச்சு முட்டி செத்துடும்.

காட்பாடி: இன்குபேட்டர்ல 19, 20 நாள்ல குஞ்சு உள்ளயே செத்துடுது, உடைச்சுப் பாத்தா குட்டக்கால், மூக்கு கிளி மாதிரி வளைஞ்சிருக்கு.
முதல்ல சூடு 37.5 டிகிரில நிக்குதான்னு பாருங்க. ஆனா குட்டக்காலும் கிளிமூக்கும் சேந்து வந்தா மாங்கனீஸ்ங்கிற தாதுச்சத்து பத்தலன்னுதான் எனக்கு சந்தேகம். தாய்க்கோழிக்கு வெறும் நொய்யும் மக்காச்சோளமும் போட்டுட்டு இருந்தீங்கன்னா அதுல மாங்கனீஸ் ரொம்ப கம்மி, கோழிக்குன்னே விக்கிற தாது உப்புக் கலவை சேருங்க. மஞ்சக்கரு மளமளன்னு வளர்றது முட்டை போடுறதுக்கு முந்தின 10 நாள்ல, அதனால கலவைய இன்னைக்கு போட்டா நாளைக்கு முட்டைல தெரியாது, ரெண்டு மூணு வாரம் பொறுத்து அடை முட்டை எடுங்க. போட்ட முட்டைக்கு இனி நாம ஒண்ணும் ஏத்த முடியாது.

அணைக்கட்டு: கத்திரி வெயில்ல ஓடு மெலிசாயிடுது, கிளிஞ்சல் போட்டும்கூட.
நம்மூரு வெயிலுக்கு கோழி வாயத் தொறந்து இரைக்குதுல்ல, அப்ப ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, ஓடு கட்ட கார்பனேட் பத்தல. தீனியும் குறைச்சிடும். கிளிஞ்சல சாயங்காலம் போடுங்க, ஓடு கட்டுறது பெரும்பாலும் ராத்திரிலதான். கொட்டாய்ல நிழலும் பச்சத்தண்ணியும் முக்கியம்.

வாலாஜா: லேயர் தீவனத்த, அதான் முட்டைக்கோழி தீவனத்த, குஞ்சுக்கும் போடலாமாண்ணே?
போடாதீங்க. அதுல கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து, 3.5-4 சதவீதம், குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மீறினா கிட்னி போயிடும்.