18 வருடம் கழித்து அதே கிரகணம், அதே இடத்தில்?

கேள்வி: 2025 மார்ச் 29 அன்று பகுதி சூரிய கிரகணம் பார்த்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. 18 வருடம் 11 நாளில் அதே கிரகணம் திரும்ப வரும் என்று படித்தேன். கணக்குப் போட்டால் 2043 ஏப்ரல் 9 வருகிறது. அன்று அவளோடு அதே இடத்தில் நின்று பார்க்க ஆசை. நம்பித் திட்டம் போடலாமா?

தேதியை நம்பலாம். இடத்தை நம்ப வேண்டாம். 2043 ஏப்ரல் 9 அன்று நிச்சயமாக ஒரு சூரிய கிரகணம் இருக்கிறது, நீங்கள் பார்த்ததன் அடுத்த வாரிசும் அதுதான். ஆனால் 18 வருடம் 11 நாள் என்று சொல்கிறவர்கள் பலரும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எட்டு மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அந்த எட்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால்தான் எல்லா அமாவாசைக்கும் கிரகணம் வருவதில்லை. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளான ராகு, கேதுவுக்குப் பக்கத்தில் அமாவாசை விழ வேண்டும். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29.53059 நாள். நிலவு ராகுவில் கிளம்பி மறுபடி ராகுவுக்கு வர 27.21222 நாள். இந்த இரண்டும் எப்போது ஒத்துப்போகும்? 223 அமாவாசைகளைப் பெருக்கிப் பாருங்கள்: 6585.32 நாள். நிலவின் 242 சுற்றுகளைப் பெருக்குங்கள்: 6585.36 நாள். இடையில் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை! இந்தச் சுழற்சிக்குத்தான் சாரோஸ் என்று பெயர். (ராகு கேது வானத்தை ஒரு முறை சுற்றி வர 18.6 வருடம் ஆகும். அது வேறு கணக்கு. இரண்டிலும் 18 இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அந்த 6585-க்குப் பின்னால் வரும் 0.32 நாள்தான் எட்டு மணி நேரம். அதற்குள் பூமி கூடுதலாக மூன்றில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதனால் கிரகணம் தெரியும் பகுதி ஏறத்தாழ 120 டிகிரி மேற்கே தள்ளிப் போகும்.

இப்படி ஒரு சாரோஸ் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கிரகணங்களை ஒரு குடும்பம் என்று சொல்லலாம். உங்கள் கிரகணத்தின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சாரோஸ் 149 என்பது அதன் எண். 2007 மார்ச் 19-இல் வந்தபோது அது ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் உச்சம் கண்டது. 2025-இல் உச்சம் கனடாவில், கியூபெக்கின் வடக்குக் கோடியில். 2043-இல் ரஷ்யாவின் தூரக் கிழக்கு. அதற்கு அடுத்தது 2061 ஏப்ரல் 20: மறுபடி யூரல். மூன்று தாவலில் உலகத்தை ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இடம் மட்டும் இல்லை, கிரகணமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2007-இல் உச்சத்தில் சூரியனின் விட்டத்தில் சுமார் 88 சதவீதம் மறைந்தது. 2025-இல் 94. 2043-இல் முழு கிரகணம்! மேலே பார்த்தோமே, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வித்தியாசம், அது செய்கிற வேலைதான் இது. ஒவ்வொரு முறையும் நிழல் கொஞ்சம் தெற்கே நகர்கிறது. 1664-இல் வட துருவத்தின் ஓரத்தைப் புறநிழல் (பகுதி கிரகணம் மட்டும் தெரியும் வெளிநிழல்) லேசாக உரசியதில் தொடங்கிய குடும்பம் இது. 2043-இல்தான் முதன்முறையாக அதன் கருநிழல் (முழு கிரகணம் தெரியும் நடுநிழல்) பூமியைத் தொடப்போகிறது, அதுவும் விளிம்பை ஒட்டினாற்போல. இப்போதுதான் பிறந்திருக்கும் குடும்பமும் உண்டு. சாரோஸ் 156-இன் முதல் கிரகணம் 2011 ஜூலை 1-இல், அண்டார்டிகாவை ஒட்டிய கடலில். பார்த்திருக்கக்கூடியவை அனேகமாகப் பென்குயின்கள்தான். அதன் இரண்டாவது 2029 ஜூலை 11-இல் வருகிறது.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருவோம். எங்கிருந்து பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. மேற்கு ஐரோப்பா என்றால் 2043-இல் அந்த நேரத்துக்குச் சூரியன் மறையத் தொடங்கியிருக்கும், அல்லது மறைந்தே இருக்கும். பயணம் போகத் தயார் என்றால் ரஷ்யாவின் தூரக் கிழக்கு, இல்லாவிட்டால் பகுதி கிரகணமாகப் பார்க்க அலாஸ்கா. ஆனால் இன்னொரு கிரகணத்துக்கு 18 வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒரே சமயத்தில் ஏறக்குறைய நாற்பது சாரோஸ் குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, வருடத்துக்குக் குறைந்தது இரண்டு சூரிய கிரகணமாவது வரும். ஐரோப்பாவில் இருந்தால் 2027 ஆகஸ்ட் 2, வட அமெரிக்காவில் இருந்தால் 2029 ஜனவரி 14 என்று குறித்து வையுங்கள். உங்கள் இடத்தில் எத்தனை மணிக்கு, எவ்வளவு மறையும் என்பதை நாசாவின் கிரகணப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2025-இல் வாங்கிய கிரகணக் கண்ணாடியை எடுத்து வைத்திருந்தால், கீறலோ துளையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பகுதி கிரகணத்தில் வெறும் கண்ணால் பார்க்கும் நொடி என்று ஒன்று கிடையவே கிடையாது. கண்ணாடியே இல்லாவிட்டால், அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் குட்டிப் பிறையைப் பாருங்கள்.

இல்லை, அதே குடும்பம்தான் வேண்டும், அதுவும் அதே வட்டாரத்தில்தான் வேண்டும் என்றால் மூன்று சாரோஸ், அதாவது 54 வருடமும் ஒரு மாதமும் பொறுக்க வேண்டும். 2079 மே 1. அன்று நியூயார்க், கிழக்குக் கனடா, கிரீன்லாந்து வழியாக முழு கிரகணமாகவே போகிறது. மகளுக்கு அப்போது 61 வயது.