டூரிங்குக்குக் கனமான பைக்கா, எடை குறைந்த பைக்கா?

கேள்வி கேட்டவர் தந்த விவரம்: உயரம் 165 செ.மீ., ஐந்து வருட ஓட்டும் பழக்கம், வருடத்துக்கு நான்கைந்து நீண்ட பயணம், அதில் பாதி மனைவியோடு. 350 கிலோ டூரர் (நெடும்பயணத்துக்கான பெரிய பைக்) ஒன்றின் மேல் ஆசை. 200 கிலோ வண்டியே போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம்.

இரண்டையும் வைத்திருந்தவன் நான். ஆறு வருடம் 340 கிலோ வண்டி ஓட்டினேன். மூன்று வருடமாக என்னிடம் இருப்பது 200 கிலோவுக்குச் சற்றுக் குறைந்தது. அதனால் இரண்டு தரப்பையும் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கனமான வண்டியைப் பற்றி யோசிக்கும்போது நாம் எல்லோருமே அது ஓடுவதைத்தான் மனதில் பார்க்கிறோம். அகலமான சாலை, நூறில் நிற்கும் முள், நிம்மதியான சீட். ஓடும் வண்டியில் எடை உண்மையிலேயே தெரியாது. கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் எந்த பைக்கும் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். மறைந்துபோன அந்த எடை, வண்டி நிற்கும் கடைசிப் பத்து மீட்டரில் மொத்தமாகத் திரும்பி வரும்.

எனக்கு அது புரிந்தது ஒரு விடுதி வாசலில். அன்று 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தேன். உடம்பு வலி எதுவும் இல்லை, இன்னும் இருநூறு போகலாம் போல இருந்தது. விடுதியின் முற்றம் உள்நோக்கிச் சரிவு, முழுக்கச் சரளைக்கல். யோசிக்காமல் முன்சக்கரத்தைச் சுவர் பக்கமாக விட்டு நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை பின்னால் தள்ளினால் வண்டி அசையவில்லை. பெட்டிகளைக் கழற்றினேன், அப்போதும் இல்லை. காலை ஊன்றினால் கல் நழுவுகிறது. கடைசியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர், "சார், இதுல ரிவர்ஸ் கிடையாதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது.

நியாயமான கேள்விதான். ஹோண்டாவின் பெரிய டூரரான கோல்டு விங்கில் 1988 மாடலிலிருந்தே ரிவர்ஸ் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்தே வண்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தும் ஏற்பாடு அது. பைக்குக்கு ரிவர்ஸ் தேவைப்படுகிறது என்றால், செய்தவர்களே எடையைப் பற்றி ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். 360 கிலோ வண்டி நின்ற இடத்தில் பத்து டிகிரி சாய்ந்துவிட்டது. அதன் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்து அதைத் தாங்க உங்கள் கை முப்பது கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டும். இருபது டிகிரி என்றால் அது இரட்டிப்பு, அத்துடன் கதை முடிந்தது. 200 கிலோ வண்டியில் இதே பத்து டிகிரிக்கு இருபது கிலோவுக்குள் போதும். அதாவது லேசான வண்டியில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். கனமான வண்டியில் சாயத் தொடங்கியதை உணரும்போதே அது உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

ஆனால் எடை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சம அளவு முக்கியம். கோல்டு விங்கின் ஆறு சிலிண்டர் இன்ஜின் இரண்டு பக்கமும் படுத்த வாக்கில், தாழ்வாக இருப்பதால் 360 கிலோவுக்கு மேற்பட்ட அந்த வண்டி நகர ஆரம்பித்ததும் ஆச்சரியமாகச் சொன்னபடி கேட்கும். யமஹா டெனரே 700 சுமார் 205 கிலோதான், ஆனால் சீட் உயரம் 875 மி.மீ. உங்கள் உயரத்துக்கு இரண்டு காலும் பாதத்தோடு தரையில் படாது, நுனிவிரல்தான். நுனிவிரலில் நிற்கும் 205 கிலோ, பாதம் ஊன்றி நிற்கும் 250 கிலோவைவிடப் பயமுறுத்தும். உயரமான எந்த வண்டியிலும் டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் மோசம்: இருபது லிட்டர் பெட்ரோல் என்றால் பதினைந்து கிலோ, அதுவும் உச்சியில்.

சரி, கனமான வண்டிக்காகவும் பேசிவிடுகிறேன். லேசானதற்கு மாறிய முதல் நீண்ட பயணத்தில், 300 கிலோமீட்டர் தாண்டியதும் மனைவி இறங்கி நின்று, "இது சீட்டா, முக்காலியா?" என்று கேட்டாள். பதில் இல்லை. பின்னால் உட்காருபவருக்கு அகலமான சீட், சாய்ந்துகொள்ள மேல்பெட்டி, கால் மடக்க இடம் எல்லாம் வேண்டுமென்றால் வண்டி பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும்.

அடுத்தது காற்று. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி, வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். நூறில் போகத் தேவைப்பட்டதைப் போல 130-க்கு இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். 40 குதிரைசக்தி வண்டி இருவரையும் பெட்டிகளையும் சுமந்து நூறில் போகும், சந்தோஷமாகவே போகும். ஆனால் அங்கிருந்து ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய யோசித்துத்தான் வெளியே வர வேண்டும். பெரிய வண்டியில் அந்த யோசனையே கிடையாது. ஒற்றைச் சிலிண்டர் என்றால் அதிர்வு வேறு, மாலைக்குள் விரல்நுனி மரத்துப்போகும்.

வாங்கும்போது பலரும் பார்க்கத் தவறுவது சுமக்கும் திறன். கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிச்சம் வருவதுதான் உங்களுக்கும் மனைவிக்கும் பெட்டிகளுக்கும். நான் என் வண்டிக்கு இந்தக் கணக்கை வாங்கிய பிறகுதான் போட்டேன். இருவரும் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறியதும் பெட்டிகளுக்கு முப்பது கிலோகூட மிச்சமில்லை. பெட்டியின் எடையும் அதில் சேர்த்தி! அதோடு பின் சஸ்பென்ஷனையும் டயர் காற்றையும் இருவர் சுமைக்கு மாற்றாமல் கிளம்பினால் முன்பக்கம் லேசாகி, வளைவில் வண்டி வெளியே போகப் பார்க்கும்.

பெரிய வண்டியில் பெரிய டேங்க், அதனால் அதிக தூரம் போகலாம் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். இப்போதைய கோல்டு விங்கின் டேங்க் 21 லிட்டர், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு 17. லிட்டருக்கு ஓடும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சின்னதுதான் முன்னே நிற்கும்.

நெடும்பயணத்துக்குப் பெரிய இன்ஜின் கட்டாயம் என்பவர்களுக்கு ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன்: டெட் சைமன். 1973-இல் 500 சிசி ட்ரையம்ப் ஒன்றில் கிளம்பி நான்கு வருடம் உலகைச் சுற்றி வந்தவர். அவரோடு நம்மை ஒப்பிட முடியாது, அது வேறு விஷயம். திங்கள்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

எந்த எடை வாங்கினாலும் விழுந்த வண்டியைத் தூக்கும் முறையை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, கியரில் வைத்து, ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காலால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் பயணம் மருத்துவமனையில் முடியும். 340 கிலோவை நான் இப்படித் தனியாகத் தூக்கியிருக்கிறேன், சமதரையில். சரிவில் ஒருமுறை முயன்று கைவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாதிப் பயணம் மனைவியோடு என்பதால் 200 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம், அவர் இரண்டாவது பயணத்துக்கு வர மாட்டார். ஐந்து வருட அனுபவத்தோடு நேராக 350-க்கும் தாவ வேண்டாம். 210 முதல் 250 கிலோவுக்குள் இரண்டு சிலிண்டர் வண்டிகள் நிறைய இருக்கின்றன, சுஸுகி வி-ஸ்ட்ராம் 650, கவாஸாகி வெர்சிஸ் 650 போல. அந்த வரிசையில் தேடுங்கள். நானும் இப்போது வாங்குவதாக இருந்தால் அங்கேதான் போவேன்.

டெஸ்ட் ரைடு போகும்போது ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளுங்கள், முடிந்தால் லேசான ஏற்றத்தில். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.