எந்தப் படலையைத் தட்டுறது?

பிள்ளை வளர்ப்பு, வீட்டுக் கரைச்சல், மனசு சம்பந்தமா என்ன கேள்வி இருந்தாலும் அனுப்புங்கோ எண்டு போன மாசம் கேட்டிருந்தன், குவிஞ்சிட்டுது. வந்ததில அரைவாசி ஒரே கேள்விதான், கொழும்பில ஆர் நல்ல டொக்டர், ஒருக்காக் காட்ட எவ்வளவு முடியும். இருபது வருசத்துக்கு மேல யாழ்ப்பாணத்தில உளவளத்துணை வேலை செய்தவள் சொல்லுறன், கொழும்பு பஸ்ஸுக்கு சீற் புக் பண்ண முதல் உங்கட ஒழுங்கைக்குள்ள ஸ்கூட்டியில வந்து போற மிட்வைஃப் மிஸ்ஸை மறிச்சு ஒருக்காக் கேளுங்கோ. ஏன் எண்டு கீழ வாசிக்க விளங்கும். ஆக்கள் அடையாளம் தெரியாமல் இருக்க ஊர் பேரெல்லாம் எடுத்துப்போட்டன்.

கேள்வி: மகனுக்கு ரெண்டு வயசு நாலு மாசம். "அம்மா", "தா" இந்த ரெண்டையும் தவிர ஒண்டும் கதைக்கிறான் இல்லை. தேப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவராம், பயப்பிடாத எண்டு மாமி சொல்லுறா. போன் குடுத்தாத்தான் சாப்பிடுவான். பொறுத்துப் பாக்கிறதோ?

பொறுக்காதேங்கோ. மாமி சொன்னது முழுப் பிழை இல்லை, பிந்திக் கதைக்கிற பிள்ளையள் இருக்கினம்தான், ஆனா எது தானாக் கதைக்கும் எதுக்கு உதவி வேணும் எண்டு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. ரெண்டு வயசில ரெண்டு சொல்லைச் சேர்த்து "அம்மா வா", "பால் வேணும்" எண்டு வரத் தொடங்கோணும். உங்கட அலுமாரிக்குள்ள பிள்ளையின்ர கிளினிக் கொப்பி கிடக்கும், பெடியனெண்டா நீலம், பெட்டையெண்டா றோஸ், அதில ஊசி போட்ட பக்கத்தையும் நிறைக் கோட்டையும் தவிர ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கிறேல்லை, ஆனா எந்த மாசத்தில பிள்ளை என்ன செய்யோணும் எண்டு அதுக்குள்ளயே இருக்கு. அதை எடுத்துக்கொண்டு கிளினிக் நாளில மிட்வைஃபிட்டக் காட்டுங்கோ, அவா எம்.ஓ.எச் டொக்டரிட்ட, அதுதான் உங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிட்ட விடுவா, அங்கயிருந்து பெரியாஸ்பத்திரிக்கு, யாழ் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு தருவினம். காசு ஒண்டும் இல்லை.

முதல் பாக்க வேண்டியது காது. "கோப்பை விழுந்தாத் திரும்பிப் பாக்கிறான், காது கேக்குது" எண்டு சொல்லுவியள், ஆனா பெரிய சத்தம் கேக்கிற பிள்ளைக்குக் கதைக்கிற சத்தம் வடிவாக் கேக்காமல் இருக்கலாம். ஒரு தாய் ஒண்டரை வருசம் கோயில் கோயிலாத் திரிஞ்சு நூல் கட்டி, நாவூறு கழிச்சு, கடைசியில காதைச் சோதிச்சா ரெண்டு காதிலயும் குறை, மெசின் போட்டு மூண்டாம் மாசம் பெடியன் "ம்மா" எண்டுது, தாய் அழுத அழுகை எனக்கு இப்பவும் கேக்குது. நூல் கட்டுறதில நான் குறை சொல்ல வரேல்லை, நானும் கட்டியிருக்கிறன். கட்டிப்போட்டு கிளினிக்குக்கும் போங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடேக்க திரும்புறானோ, வேண்டியதை விரலால காட்டுறானோ, முகத்தைப் பாத்துச் சிரிக்கிறானோ எண்டும் ஒரு கிழமை கவனிச்சு எழுதிக்கொண்டு போங்கோ, டொக்டருக்குப் பெரிய உதவி அது.

போன்தான் காரணம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம், பிறகு அஞ்சு வயசுக்குக் கீழ ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொல்லிப்போட்டுது. போன் பாத்துக்கொண்டு சாப்பிடுற பிள்ளையோட அந்த நேரம் ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அதுதான் நட்டம். முத்தத்தில கோழியைக் காட்டி, காகத்தைக் காட்டி ரெண்டு வாய் குறையச் சாப்பிட்டாலும் பறவாயில்லை.

கேள்வி: மனிசிக்குப் பிள்ளை பிறந்து அஞ்சு கிழமை. சும்மா சும்மா அழுறா, பிள்ளையைத் தூக்க விருப்பமில்லை எண்டுறா. அம்மா பத்தியம் சரியாக் குடுக்கேல்லை எண்டு சண்டை வேற. இது வருத்தமோ, குணமோ?

குணம் இல்லை தம்பி. பிள்ளை பிறந்த முதல் பத்துப் பதினாலு நாளுக்குள்ள அழுகை வந்து போறது கனபேருக்கு நடக்கிறது, தானாப் போயிடும். உங்கட மனிசிக்கு அஞ்சு கிழமை, அதால இதை பிரசவத்துக்குப் பிறகு வாற மனச்சோர்வு எண்டு நினைச்சுத்தான் பாக்கோணும், சரக்குத்தண்ணி கூடக் குடுத்தாலும் குறையக் குடுத்தாலும் மாறாது. மிட்வைஃப் வீட்டுக்கு வரேக்க பிள்ளையை நிறுத்துப்போட்டு விடாமல் "மிஸ், இவாவையும் ஒருக்காப் பாருங்கோ" எண்டு நீங்கள் வாய் திறந்து சொல்லோணும். 10 கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, கடைசி ஏழு நாள் எப்பிடி இருந்தது எண்டு கேக்கும், அதில கூட வந்தா டொக்டரிட்ட அனுப்புவினம். பால் குடுக்கிற தாய்க்கும் குடுக்கக்கூடிய மருந்து இருக்கு, அதால பாலை நிப்பாட்டோணும் எண்டு பயந்து போகாமல் விடாதேங்கோ.

நித்திரையே இல்லாமல், இல்லாத சத்தம் கேக்குது எண்டாலோ, தனக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்திடுவன் எண்டு சொன்னாலோ கிளினிக் நாள் பாக்காதேங்கோ, அண்டைக்கே ஆஸ்பத்திரி, தனிய விடவும் கூடாது. வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்ஸ், இலவசம். மற்றது, 31ஆம் நாள் துடக்குக் கழிச்ச கையோட சொந்தக்காரர் முழுப்பேரும் பிள்ளை பாக்க வருவினம், ஒரு மாசத்துக்கு வராதேங்கோ எண்டு சொல்லுற வேலை உங்கட, அவாவின்ர இல்லை.

கேள்வி: மகள் நாலாம் வகுப்பு, அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை. காலமையில வயித்துக்குத்து, சனி ஞாயிறு ரியூசன் எண்டா சத்தியும். எல்லா ரெஸ்ட்டும் செய்தாச்சு, ஒண்டுமில்லையாம்.

ஒண்டுமில்லை எண்டு இல்லை, வயித்தில இல்லை, அவ்வளவுதான். வசதி குறைஞ்ச பிள்ளையளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் உதவிப்பணமும் கிடைக்க எண்டு வந்த சோதினை, இண்டைக்கு ஒன்பது வயசுப் பிள்ளையின்ர வயித்துக்குள்ள போய் இருக்குது. ஒரு ரியூசனை நிப்பாட்டிப் பாருங்கோ, ரெண்டு கிழமை போதும். அந்த நேரத்துக்கு யாழ் நூலகத்தின்ர சிறுவர் பகுதிக்கோ, பக்கத்து வாசிகசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கயும் வினாத்தாளைக் காவிக்கொண்டு போகாமல். குத்து குறையாட்டி வகுப்பு ரீச்சரோட கதைச்சு, பள்ளிக்கூடத்தில ஆலோசனைக்கு எண்டு இருக்கிற ஆசிரியரைச் சந்தியுங்கோ.

கேள்வி: அவர் குடிச்சுப்போட்டு அடிக்கிறார். பிள்ளையள் ரெண்டும் மேசைக்குக் கீழ ஒளிக்குதுகள். பொலிசுக்குப் போனா ஊர் சிரிக்கும், குடும்பம் பிரிஞ்சிடும் எண்டு அம்மா சொல்லுறா.

தங்கச்சி, பிள்ளையள் மேசைக்குக் கீழ போனாப் பிறகு ஊர் சிரிக்கிறதைப் பற்றி என்ன கதை. வீட்டு வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, அதில நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், இடைக்காலக் கட்டளை 14 நாள் வரைக்கும், முழுக் கட்டளை ஒரு வருசம் வரைக்கும். முக்கியமா விளங்கிக்கொள்ள வேண்டியது, இது டிவோர்ஸ் இல்லை, அடிக்காத, கிட்ட வராத எண்டு கோடு, அதாவது நீதிமன்றம், சொல்லுறதுதான். அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. வழக்குக்குக் காசில்லை எண்டா சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாணக் கிளைக்குப் போகலாம்.

கோடு வேண்டாம் இப்ப எண்டாலும் சரி, டி.எஸ் ஒபிசில, அதுதான் பிரதேச செயலகத்தில, மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைத் தனியக் காணக் கேளுங்கோ. யாழ் மாவட்டத்தில 15 பிரதேச செயலகம் இருக்கு, பக்கத்தில ஒண்டு கட்டாயம் இருக்கும். காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா "படியில விழுந்திட்டன்" எண்டு சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கோ, நட்பு நிலையம் எண்டு அதுக்கெண்டே ஒரு இடம் பெரிய ஆஸ்பத்திரியளில நடத்தினம். போனில எண்டா 1938, பெண்களுக்கு. பிள்ளையளுக்கு அடி விழுந்தா 1929. அடையாள அட்டை, பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், கொஞ்சக் காசு, ஒரு பையில போட்டு நம்பின வீட்டில குடுத்து வையுங்கோ, இதை நான் ஆருக்கும் முதல்ல சொல்லுறது.

கேள்வி: அப்பாவுக்கு 61. சண்டை முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் இரவில எழும்பிப் படலையைப் பூட்டியிருக்கோ எண்டு மூண்டு நாலு தரம் பாக்கிறார், வெடிச் சத்தம் கேட்டா நடுங்கி வேர்க்கிறார். டொக்டரிட்ட வரச் சொன்னா "எனக்கென்ன விசரோ" எண்டு பாயுறார்.

"விசர்" எண்ட அந்தச் சொல்தான் கனபேரை வாசலிலயே திருப்பி அனுப்பிறது. சண்டைக் காலத்தில இஞ்சயே நிண்டு வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கனக்க எழுதியிருக்கிறார், போர் உடைச்சது தனி ஆளை மட்டுமில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து எண்டு. அதைப் பிடிச்சுக்கொண்டு யோசிச்சா அப்பாவுக்கு மருந்து மட்டும் காணாது, நாலு பேரோட இருக்கிறதும் வேணும். திருவிழாவில மடப்பள்ளி வேலை, சனசமூக நிலையத்தில பேப்பர், எதெண்டாலும் அவர் தானாப் போற இடத்தைக் குறைக்க விடாதேங்கோ.

டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஒரு வழி: "நித்திரைக்குக் காட்டுவம் அப்பா" எண்டு கூப்பிடுங்கோ, அது பொய்யுமில்லை. பெரியாஸ்பத்திரியிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு, கிளினிக்கும் மருந்தும் இலவசம். மருந்தில்லாமல் கதைக்க மட்டும் ஒரு இடம் வேணுமெண்டா சாந்திகம் இருக்கு, சண்டைக் காலத்தில இருந்தே உளவளத்துணை செய்யினம். மாத்திரை வேலை செய்யக் கொஞ்சக் கிழமை எடுக்கும், பத்தாம் நாள் "ஒண்டும் மாறேல்லை" எண்டு நிப்பாட்டுறதுதான் நான் கண்ட பெரிய பிழை.

கேள்வி: மகள் பிரான்சில, பேரன் என்னோட. பதினாலு வயசு. அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், போன கிழமை "நான் செத்தா ஆருக்கு என்ன" எண்டான். பகிடிக்குச் சொல்லுறானோ தெரியேல்லை, கேக்கவும் பயமா இருக்கு.

அம்மம்மா, கேளுங்கோ. "சாகோணும் போல இருக்கோ அப்பு?" எண்டு நேரா, பேசாமல், அழாமல். கேட்டா நினைப்பு வந்திடும் எண்டுறது பிழை, கேட்டாத்தான் பிள்ளைக்கு இறக்கி வைக்க இடம் கிடைக்கும். ஓமெண்டு சொன்னா "உனக்கென்ன குறை, அம்மா அங்க கஷ்டப்பட்டு அனுப்புறா" எண்டு தொடங்கிடாதேங்கோ, அவனுக்கு அது ஏற்கனவே பாரமா இருக்கும். அண்டைக்கே ஆஸ்பத்திரி, கூட ஒரு ஆள். இரவில எண்டா 1926, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

இதை வாசிச்சு முடிச்ச உடன எழும்பிப் போய்ச் செய்ய வேண்டிய ஒண்டு, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தில் வீட்டில இருந்தா வெளியில எடுத்துப் பூட்டி வையுங்கோ, குளிசைப் பெட்டியையும். அந்த நினைப்பு கனபேருக்கு வந்து கொஞ்ச நேரத்தில தணியும், அந்த நேரம் கைக்கெட்டின தூரத்தில ஒண்டும் இருக்கக் கூடாது. பொலிஸ் கேஸ் ஆகிடும் எண்டு சிலர் மறைக்கினம், தற்கொலை முயற்சி குற்றம் எண்ட சட்டத்தை 1998இலயே எடுத்தாச்சு. மகளுக்கும் மறைக்காமல் சொல்லுங்கோ. காசு எவ்வளவு வந்தது எண்டு கேக்கிற கோலை விட்டுப்போட்டு அவனோட மட்டும் கதைக்க ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கோ.

இனிச் சின்னக் கேள்வியள். விசேட தேவை உள்ள பிள்ளையைச் சேர்க்க எங்க: வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்வி அலகு உள்ள பக்கத்துப் பள்ளிக்கூடம் எது எண்டு கேளுங்கோ, கோண்டாவிலில சிவபூமி பாடசாலை, காது கண் எண்டா கைதடியில நஃபீல்ட். கிளினிக்கில குடுக்கிற சத்துமா, திரிபோஷா, பிள்ளைக்குப் பிடிக்கேல்லை: தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்டு உருண்டை பிடியுங்கோ, வீட்டில பெரியாக்கள் சாப்பிடாமல் இருந்தாக் காணும். மிட்வைஃப் மிஸ் எங்கட சொந்தம், சொன்னா ஊருக்குப் போயிடும் எண்டு பயம்: விளங்குது, யாழ்ப்பாணத்தில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான், எம்.ஓ.எச் ஒபிசுக்கு நேராப் போய் டொக்டரைக் காண வேணும் எண்டு சொல்லுங்கோ, ஏன் எண்டு வாசலில ஆருக்கும் விளக்கம் குடுக்கத் தேவையில்லை.